பூஞ்சைக்கு மருந்து

புரட்டாசி 6

மழை பிடித்துக்கொண்டது. மிளகுக் கொடிக்கு நல்லது. மாட்டுக் கொட்டகையில் ஒழுகுகிறது, ஓடு மாற்ற இவரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கிறேன் என்று எழுதிவைத்துக்கொள்ள வேண்டியதுதான், நடக்கப்போவதில்லை.

உரக்கடையில் கொடுத்த டைரி இது. மழை, உரம், ஆள் கூலி எழுதத்தான் வைத்திருக்கிறேன். இன்று வேறொன்றும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பெரியகுளத்துக்காரர்கள் என் மகள் மேகலாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தட்டு மாற்ற நாள் குறித்தாகிவிட்டது, மண்டபத்துக்காரனுக்கும் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா போனில் பேசினார். "சின்ன வயசுல புள்ளைக்கு வலிப்பு இருந்துச்சாமே. மறைச்சிட்டீங்களேம்மா" என்றார்.

பத்து வயதோடு நின்றுபோன ஒன்று. மாத்திரை நிறுத்தியும் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் மறைத்ததாகுமா? யார் வீட்டில் எல்லாவற்றையும் கொட்டிக் காட்டிவிட்டுக் கல்யாணம் செய்கிறார்கள்?

இது மூன்றே பேருக்குத்தான் தெரியும். எனக்கு, இவருக்கு, என் அண்ணன் சன்னாசிக்கு. முதல் தடவை வந்தபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான். நான் சொல்லவில்லை. இவர் வாயில் கொழுக்கட்டை. மிச்சம் யார்?

புரட்டாசி 7

அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டேன். மஞ்சம்பாறையில் ஒரு வீடு விடாமல் எட்டிப் பார்த்தது, பார்க்கட்டும்.

"எம்மகளுக்கு வலிப்புன்னு பெரியகுளத்துக்குச் சொன்னது நீதானே?"

ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதுமே. மௌனம் சம்மதம். குனிந்து மண்ணை அள்ளி அவன் வாசலில் தூற்றினேன். "நீ வச்சது எதுவும் வெளங்காமப் போகட்டும்" என்றேன். மதினி பவுன்தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்காகச் சொல்லவில்லை, அவனுக்காகத்தான் சொன்னேன்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மகளுக்குக் காது குத்தினேன். அந்த மாமன்தான் ஊமையாக இருந்து ஊரைக் கெடுத்திருக்கிறான்.

மேகலா என்னவோ சொல்ல வந்தாள். "அம்மா, மாமா வந்து..." என்று ஆரம்பித்தாள். அவனுக்குப் பரிந்துகொண்டு வராதே என்று அடக்கிவிட்டேன். இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதிர்ச்சியில் சிலருக்கு இப்படிப் பசிக்கும்.

புரட்டாசி 15

மழை. கொட்டகை ஒழுகுகிறது.

புரட்டாசி 19

இன்று தோட்டத்தில் முழு நாளும். காபிச் செடிகளில் செதில் பூச்சி ஏறியிருக்கிறது. இந்த வருடம் எல்லாத் தோட்டத்திலும்தான். இலைக்கு அடியில் நடு நரம்பை ஒட்டிப் பச்சையாக, தட்டையாக, அரைவாசி அரிசி அளவில் அப்பிக்கொண்டிருக்கும். அதற்குத் தலை எது, கால் எது என்று தெரியாது. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு காவல் இருக்கும். அந்த இனிப்பு வழிந்த இலையில் கரும்பூசணம் படிந்து, அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கறுத்துப்போகும். வெயில் படாத இலை எப்படிக் காய்க்கு ஊட்டும்? காய் சூம்பிக் கொட்டிவிடும்.

எனக்குப் பயமில்லை. வெள்ளை வந்துவிட்டது.

மழை விடாமல் பிடித்தால் அந்தப் பூச்சிமேல் ஒரு வெள்ளைப் பூஞ்சை வரும். பூச்சியைச் சுற்றிக் கோலமாவில் வட்டம் போட்டது போல இருக்கும். வட்டம் விழுந்த பூச்சி செத்த பூச்சி. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றி ஒரு செடியையே துடைத்துவிடும். நாம் செய்ய வேண்டியது சும்மா இருப்பது மட்டும்தான். அவசரப்படுகிறவர்கள் வெள்ளை விழுந்த குச்சியை ஒடித்து அடுத்த செடியில் கட்டலாம். இதைப் போன வருடம் விவசாயிகள் கூட்டத்தில் ஒரு அதிகாரி விளக்கமாகச் சொன்னார். "இந்த வெள்ளை உங்க கூட்டாளி. இது இருக்கும்போது பூஞ்சைக்கு அடிக்கிற மயில்துத்தம் அடிச்சிராதீங்க, கூட்டாளி செத்துருவான், பூச்சி ஒண்ணுக்குப் பத்தாப் பெருகும்" என்றார். நான் முன்வரிசையில் இருந்தேன். அண்ணன் அந்நேரம் வெளியே பிரியாணி வரிசையில் நின்றான். மதினிக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் வாங்கினான்.

கல்கட்டுக்கு அந்தப் பக்கம் அவன் தோட்டம். எட்டிப் பார்த்தேன். என்னைவிட அவனுக்குப் பூச்சி அதிகம். வெள்ளையும் அதிகம். மழைக்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை.

புரட்டாசி 26

மதினி வந்தாள். முந்தானையில் ஐந்தாறு காபி இலை முடிந்து கொண்டுவந்திருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. படியிலேயே நின்றாள்.

"குருவம்மா, இதப் பாரு. செடி பூராம் வெள்ளையாப் பூத்துக் கெடக்கு. ஒங்கண்ணன் ரெண்டு நாளா சரியாச் சோறு திங்கல. என்ன சீக்குன்னே தெரியல."

"ஏன், அவரு வந்து கேக்க மாட்டாராக்கும்?"

"வந்தா நீ மறுபடி மண்ண அள்ளிருவியேன்னு பயப்படுறாரு. நீதான் கூட்டத்துல எல்லாம் கேட்டவ. சொல்லும்மா."

இலையைத் திருப்பினேன். எல்லாம் வட்டம். அழகான வட்டம். இன்னும் பதினைந்து நாள் மழை இருந்தால் அவன் தோட்டத்தில் ஒரு பூச்சி மிஞ்சாது.

"இது பூஞ்சை மதினி" என்றேன்.

"பூஞ்சையா? அதுக்கு மருந்து இருக்கா?"

"பூஞ்சைக்கு மருந்து துத்தமும் சுண்ணாம்பும். மழை வெறிச்ச அன்னைக்கு இலைக்கு அடியில நல்லா படுற மாதிரி அடிச்சா ஒரு பூஞ்சை நிக்காது."

"நீ நல்லா இருப்பத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள். குடையில்லாமல் முக்காட்டோடு போனாள்.

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அது பூஞ்சைதான். அதற்கு மருந்து அதுதான். அடித்தால் அது நிற்காது என்பதும் உண்மைதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். பெரியகுளத்தில் அவன் சொன்னதும் பொய்யில்லையே. உண்மையைச் சொல்லித்தானே என் மகள் தலையில் கல்லைப் போட்டான். உண்மை எப்படி வேலை செய்கிறது என்று அவனும் பார்க்கட்டும்.

இன்று காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். குடித்து முடிக்கும்வரை தெரியவில்லை.

புரட்டாசி 29

வெயில். கல்கட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்பிரேயர் சத்தம்.

புரட்டாசி 30

அடித்துவிட்டான். செடியெல்லாம் நீலம் பூசிக்கொண்டு நிற்கிறது. அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. ஒரு இலை அடிப்பக்கம்கூட விட்டிருக்க மாட்டான்.

ராத்திரிக்கு இவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். "என்ன விசேஷம்?" என்றார். விசேஷம் இருந்தால்தான் குழம்பு வைக்க வேண்டுமா என்றேன்.

ஐப்பசி 9

மேகலா லேபிலிருந்து வரும்போது அவள் மாமா வீட்டில் இறங்கிவிட்டு வந்தாள். வத்தலக்குண்டில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. மாமாவுக்குச் சர்க்கரை பார்க்கப் போனாளாம். அவன் சர்க்கரை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? உனக்குச் சூடு சொரணை இருக்கிறதா என்று கேட்டேன்.

"அவங்களுக்கு யாரு சொன்னான்னு நீ நெசமாவே விசாரிச்சியாம்மா?" என்றாள்.

"விசாரிக்க என்ன இருக்கு? மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சு."

அவள் துணி துவைக்கப் போய்விட்டாள். கல்யாணம் நின்ற பெண் மாதிரியே இல்லை இவள். பாட்டு வேறு முணுமுணுக்கிறாள். உள்ளுக்குள் எவ்வளவு வேகிறதோ. அதை நினைத்தாலே அவன்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐப்பசி 14

தீபாவளி. வருடா வருடம் போல அண்ணன் சேலை கொடுத்தனுப்பியிருக்கிறான். மாம்பழக் கலரில் அரக்குக் கரை. என் நிறத்துக்கு எது எடுக்கும் என்று அவனுக்குத் தெரியும், அந்தத் திமிர். பிரிக்காமல் அப்படியே காபிப் பழம் எடுக்க வருகிற மாரியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் கட்டிக்கொண்டு அவன் வீட்டு வழியாகத்தான் போனாள். அதற்காகத்தான் கொடுத்தேன்.

ஐப்பசி 24

மாட்டுக்குப் புல் அறுக்கிற சாக்கில் தினமும் கல்கட்டுப் பக்கம் போகிறேன். அவன் தோட்டத்தில் ஒரு வெள்ளை வட்டம் இல்லை. பூச்சி குச்சி முழுக்க அப்பியிருக்கிறது. எறும்பு சாரை சாரையாக ஏறுகிறது. கீழ் இலைகள் கறுக்கத் தொடங்கிவிட்டன. என் தோட்டத்தில் பூச்சியெல்லாம் வெளுத்துக் காய்ந்து, விரலால் தேய்த்தால் உதிர்கிறது.

இவர்கூடக் கவனித்துவிட்டார். "மச்சான் தோட்டம் ஏன் இப்படிக் கெடக்கு? நம்மது நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"அவரவர் கைராசி" என்றேன்.

கார்த்திகை 3

அவன் தோட்டத்துக்குப் பழம் எடுக்க ஆள் வரவில்லை. எறும்பு கடிக்கிறது, கை பிசுபிசுக்கிறது என்று போன வாரம் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அவனும் மதினியுமாகக் கூடை கட்டிக்கொண்டு எடுக்கிறார்கள். பாதிக்குமேல் சூம்பல். எறும்பு கடித்து அவனுக்கு ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. மறு கண்ணால் பார்த்துப் பறித்துக்கொண்டிருந்தான்.

மனசு நிறைந்தது. சத்தியமாக நிறைந்தது. இதைத்தான் கேட்டேன், இதைத்தான் சாமி கொடுத்திருக்கிறது. மத்தியானம் சோறு இறங்கவில்லை. அரிசி புதுசு, குழைந்துவிட்டது.

கார்த்திகை 8

மாரியம்மா சொன்னாள்: தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறார்களாம். தை பிறந்ததும் போகிறார்களாம்.

போகட்டும்.

எங்கள் அப்பா பிரித்துக் கொடுத்த தோட்டம். கல்கட்டு கட்டின அன்றைக்கு, நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி விடச்சொன்னவன் அவன்தான். நீ சுற்றிவர வேண்டாம் என்றான். போகட்டும், எனக்கென்ன. அந்த இடைவெளியை முள் வைத்து அடைத்தால் ஆடு வராது.

கார்த்திகை 10

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மேகலாவுக்கு லீவு. காலையில் மாமா தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தவள் கையில் ஒரு கறுத்த குச்சி. அடுப்படியில் என் முன்னால் போட்டாள்.

"மாமா தோட்டத்துல வெள்ளையே இல்லம்மா. ஒரு பூச்சி மேலகூட இல்ல. துத்தம் அடிச்சாராமே. ஒன்கிட்ட கேட்டுத்தான் அடிச்சோம்னு அத்தை சொல்லுது."

"பூஞ்சையான்னு கேட்டா. ஆமான்னேன்."

"எந்தப் பூஞ்சைன்னு சொன்னியா?"

"அவ கேக்கல."

அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வந்தால் என்னைப் போலக் கத்த மாட்டாள், குரல் இறங்கிவிடும். அது அவள் மாமன் குணம்.

"பெரியகுளத்துக்குச் சொன்னது நான்தாம்மா" என்றாள்.

அடுப்பில் பால் இருந்தது. இறக்கிவைத்தேன்.

"அவருகிட்டப் போன்ல நானே சொன்னேன். கட்டிக்கப்போறவருக்குத் தெரிய வேணாமா? அவரு சரின்னுதான் சொன்னாரு. அவங்க வீட்டுலதான் ஒத்துக்கல. சொல்லாமக் கட்டிக்கிட்டு, என்னைக்குத் தெரியுமோன்னு பயந்துக்கிட்டே இருக்கச் சொல்றியா என்னைய?"

"மூணு பேருக்குத்தானே..." என்று ஆரம்பித்தேன்.

"வலிப்பு வந்தது எனக்கும்மா. எனக்குத் தெரியாதா?"

பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள். பெரியகுளத்துப் போன் வந்து நான் அண்ணனைச் சந்தேகப்பட்ட அன்றைக்கே அவனிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். "ஒங்கம்மா கோவக்காரி. இப்பச் சொன்னா ஒன்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவா. கொஞ்ச நாள் போகட்டும், அதுவரைக்கும் அவ கோவம் எம்மேலயே இருக்கட்டும்" என்றானாம். மண்ணைத் தூற்றின அன்று அவள் சொல்ல வந்தது அதைத்தானாம். நான்தான் விடவில்லையாம்.

"நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டா? நான் சொல்லிருவேன். ஒனக்கே தெரியும்" என்றாள்.

கார்த்திகை 11

மழை இல்லை. எழுத ஒன்றும் இல்லை.

கார்த்திகை 12

மகளிடம் பேசவில்லை. இவரிடமும் பேசவில்லை. இவருக்கு அது வித்தியாசமாகத் தெரிந்த மாதிரி இல்லை.

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மகள்மேல் வைத்தால், அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அவன்மேல் வைத்தால் நிற்க மாட்டேன் என்கிறது. இத்தனை நாள் நான் ஆசை ஆசையாக வளர்த்த பகை. அவன் அதற்குப் பொருத்தமான ஆள் இல்லை என்று கடைசியில் சொன்னால் நான் என்ன செய்வது? அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பெரிய தியாகி.

வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

கார்த்திகை 13

இடைவெளி வழியாகவே போனேன். அண்ணன் செடிகளை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டுக்கொண்டிருந்தான். வெட்டினால் மறுபடி தழையும், ஆனால் இரண்டு வருடம் காய்ப்பு இருக்காது. கண் வீக்கம் வற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான். பயந்துதான் வைத்தான் என்று நினைக்கிறேன்.

"அண்ணே" என்றேன். கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. "அந்த வெள்ளை நல்ல பூஞ்சை. பூச்சியக் கொல்லுற பூஞ்சை. தெரிஞ்சேதான் மதினிகிட்ட மருந்து சொன்னேன். ஒன் தோட்டம் நாசமாப் போகணும்னுதான் சொன்னேன்."

வெட்டின குச்சிகளைக் காலால் ஒதுக்கினான். அதில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பூச்சியக் கொல்லுற பூஞ்சையா" என்றான். "நான்கூட அது சீக்குன்னுல்ல நெனச்சேன்."

"திட்டுண்ணே."

"மேகலா சொல்லிருச்சா?"

"ம்."

"நல்ல புள்ள" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பவுனுகிட்ட இதச் சொல்லிராத. தெரியாமச் சொன்னதாவே இருக்கட்டும். அவ தாங்க மாட்டா. ஒன்னையப் பத்தி ஒரு நல்ல எண்ணம் வச்சிருக்கா, அது அப்படியே இருக்கட்டும்" என்றான். மறுபடி கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாதி வருத்தம், பாதி ஆத்திரம். அடிப்பான், காறித் துப்புவான், போடி என்பான் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். மகளை மூடிவைத்த மாதிரி இப்போது என்னையும் மூடிவைக்கப் பார்க்கிறான். இவனிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு நான் எப்படிச் சோறு தின்பேன்? விட மாட்டேன். அவ்வளவு சுலபமாக அவனைப் பெரிய மனுஷனாக விட்டுவிட மாட்டேன்.

கார்த்திகை 14

காலையிலேயே மதினியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

களத்தில் காபி காயப்போட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். களத்தின் ஒரு மூலைகூட நிறையவில்லை. முழுவதையும் சொன்னேன். இலையைத் திருப்பிப் பார்த்தபோதே எனக்குத் தெரியும் என்றேன். குடையில்லாமல் நீ போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன் என்றேன். அவள் துழாவுவதை நிறுத்தவில்லை. அந்த வரிசையைக் கடைசிவரை துழாவி முடித்து, பலகையைச் சுவரில் சாத்திவைத்தாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

"நீ ஒரு பொண்ணப் பெத்தவளாடி? ஒன் வாசப்படியில நின்னேன்ல, பிச்சைக்காரியாட்டம் முந்தானையில முடிஞ்சுக்கிட்டு? 'நல்லா இருப்ப'ன்னு வாழ்த்திட்டு வேற வந்தேன். எங்கையால மருந்து கலக்கினேன். துத்தத்தக் கரைச்சு நகமெல்லாம் நீலமாகி, பத்து நாள் சோத்துல கைய வைக்க முடியல. அந்த மனுசன் ஒவ்வொரு செடிக்கும் குனிஞ்சு குனிஞ்சு அடிச்சாரு. அடிச்ச ராத்திரி, 'எந்தங்கச்சி கோவத்துலயும் நமக்கு வழி சொல்லிருக்கா பாரு'ன்னு சந்தோசப்பட்டாரு. கேட்டியா? சந்தோசப்பட்டாரு."

கேட்டேன். தலையைக் குனியவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டேன். என் அம்மா, அப்பா, நான் வளர்ந்த விதம், அவள் கல்யாணத்தில் வளையல் விஷயத்தில் நான் செய்தது, எதையும் விடவில்லை. இவ்வளவையும் இத்தனை வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்தாளா?

சத்தம் கேட்டு அண்ணன் தோட்டத்திலிருந்து ஓடிவந்தான். "சொல்லாதன்னேன்ல குருவம்மா" என்று கத்தினான். இந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவனுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

மதினி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கும் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா நேத்து ராத்திரி எம்பக்கத்துல ஒக்காந்து சோறு தின்ன? ஒரே வயித்துல பொறந்ததுகதானே. ஒண்ணு வாயத் தொறந்து கெடுக்குது, ஒண்ணு வாய மூடிக் கெடுக்குது."

அவனும் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம். அப்பா இருந்த காலத்துக்குப் பிறகு இப்படி நின்றதில்லை.

மேகம் கூடிவிட்டது. மதினி திட்டிக்கொண்டே காபியைக் குவித்தாள். தார்ப்பாயின் ஒரு முனையை நான் பிடித்தேன். விடு என்று சொல்லவில்லை, திட்டுவதையும் விடவில்லை. அண்ணன் கல் தூக்கி வைத்தான்.

கிளம்பும்போது திருப்பூருக்கு என்றைக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"திருப்பூரு கெடக்குது திருப்பூரு" என்றாள் மதினி. "நாளைக்குக் காலையில வா. நான் இன்னும் பேசி முடிக்கல."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுச் சீக்கிரமே போக வேண்டும்.